மகிழ்ச்சி ஏன் வடிந்துவிடுகிறது? வடியாத உள்மகிழ்ச்சி என்று ஒன்று உண்டா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நாற்பதைத் தாண்டியவர். விரும்பிய வேலை, கேட்ட ஊருக்கு மாற்றல், கடைசியாகச் சொந்த வீடு என்று தேடியவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கிடைத்தபோது மகிழ்ச்சியும் வந்தது. ஆனால் எதுவும் சில வாரங்களுக்கு மேல் தங்கவில்லை. மகிழ்ச்சியில் வகைகள் இருக்கின்றனவா, வடிந்துபோகாத உள்மகிழ்ச்சி என்பது உண்மையா, அல்லது கிடைக்காதவர்களுக்குச் சாமியார்கள் சொல்லும் சமாதானமா என்று கேட்கிறார்.

வகைகள் உண்டு. வடியாத ஒன்றும் உண்டு. ஆனால் வீட்டுச் சாவி கைக்கு வந்த நாளில் உங்களுக்குள் எழுந்த அந்தப் பொங்குதலை இழுத்து நீட்டி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டால் அது நிலைத்த மகிழ்ச்சி ஆகிவிடும் என்று எண்ணாதீர்கள். இரண்டும் வேறு வேறு இனம். ஒன்றிடம் போய் மற்றதைக் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் நம்மில் பெரும்பாலோர் ஏமாந்து நிற்கிறோம்.

இந்த வேறுபாடு தமிழ்ச் சொற்களிலேயே படிந்து கிடக்கிறது. இன்று நாம் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புழங்கும் 'மகிழ்ச்சி' என்ற சொல்லின் அடியான 'மகிழ்', சங்கப் பாடல்களில் கள்ளையும் கள்ளுண்ட களிப்பையும் குறித்தது. காய்ச்சிய நறவு உண்டவர்க்குத்தான் மகிழ்வு தரும், காதலோ கண்ட அளவிலேயே தரும் என்று 1090ஆம் குறளில் வள்ளுவர் எழுதும்போதும் அந்தப் பழைய பொருளின் வாடை இருக்கிறது. பொச்சாவாமை அதிகாரத்தின் முதற்குறள் இன்னும் கடுமையானது: 'இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு'. அளவு கடந்த சினத்தைக் காட்டிலும், பெருங்களிப்பின் மயக்கத்தில் வரும் மறதி தீயது என்கிறார். ஏறியது இறங்கும் என்பது ஆக அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இரவு உண்ட கள் விடிந்த பிறகும் களிப்பூட்ட வேண்டும் என்று யாரும் வழக்காடுவதில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைக்கும் 'உவகை' இதைவிட அகலமானது. அது பிறக்கும் இடங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு என்கிறார். புலன் என்பதை உரையாசிரியர்கள் கல்வியால் வரும் அறிவு என்று கொள்வர். பொருள் சேர்ந்ததால் வருவதும், ஒன்று விளங்கியதால் வருவதும், விரும்பியவரோடு இருப்பதால் வருவதும், பயன் கருதாமல் ஆடுவதால் வருவதும் வேறு வேறு என்று அன்றே பிரித்துவிட்டார். அந்த நூற்பாவில் 'அல்லல் நீத்த உவகை' என்று ஓர் அடையும் இருக்கிறது. பிறருக்கோ பின்னால் தனக்கோ துன்பம் தராத உவகையே கணக்கில் வரும் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது 'தானமர்ந்து வரூஉம் மேவற்றாகும்' என்று வேறோர் இடத்தில் அவர் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள்: உயிரின் இயல்போடு பொருந்தி வருவதே இன்பம், வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்கும் பொருள் அன்று.

இவற்றுக்கு மேல் நான் மிகவும் மதிக்கும் சொல் 'நிறைவு'. வயிறார உண்டு எழுந்தவரும், மகள் திருமணத்தை முடித்துவிட்டுப் பந்தல் பிரிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தகப்பனாரும் மனசு நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது என்று சொல்வது அரிது. நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியை அடக்கத்துக்குச் சொல்வதாகவே பள்ளியில் படித்தோம். எனக்கு அது இன்பத்தின் இலக்கணமாகவும் படுகிறது. மகிழ்ச்சி தளும்பும், அதனால்தான் கண்ணுக்குத் தெரியும். நிறைவு தளும்பாததால் பல நேரங்களில் அது இருப்பதையே நாம் கவனிப்பதில்லை.

வடிந்துபோவதற்கு வருகிறேன். நானும் 19 ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு ஒரு வீடு கட்டியவன். புதுமனை புகுந்த முதல் மாதம் முழுவதும், வெளியே போய்வந்தால் வாசல் குழாயில் காலைக் கழுவித் துடைத்துக்கொண்ட பிறகுதான் புதுத் தரையில் அடி வைப்பேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு வெறுங்காலால் அந்தத் தரையின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்ததுகூட உண்டு. தீபாவளிக்குள் கால் கழுவும் வழக்கம் போயிற்று. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது என் கண்ணில் பட்டவை இரண்டுதான்: கூடத்துச் சுவரில் ஓடிய மயிரிழை விரிசல், எதிர்வீட்டு மாடியில் புதிதாக எழும்பியிருந்த அறை. வீடு முதல் நாள் இருந்தபடியேதான் இருந்தது.

இந்தப் பழகிப்போதலை உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1978இல் பிலிப் பிரிக்மனும் அவருடன் இருவரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும்பரிசு வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், இரண்டுமற்ற 22 பேரையும் ஒப்பிட்டார்கள். ஐந்துக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டதற்கு வென்றவர்களின் சராசரி 4.00, சாதாரணமானவர்களின் சராசரி 3.82. அவ்வளவுதான் வித்தியாசம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, நண்பரோடு பேசுவது, காலைச் சிற்றுண்டி, ஒரு வேடிக்கைத் துணுக்கைக் கேட்பது போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில் வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த சுவையே கண்டார்கள் என்பது. பெருங்களிப்பு சிறு இன்பங்களின் நாக்கை மரத்துப்போகச் செய்துவிட்டது. இந்த ஆய்வை மேடைகளில் மேற்கோள் காட்டுகிறவர்கள், உடல் செயலிழந்தவர்களும் அதே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று அடித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. அவர்களின் சராசரி 2.96. பலரும் எதிர்பார்ப்பதுபோல் அது அதலபாதாளத்தில் இல்லை என்பது வரை சரி; எல்லாம் ஒன்றுதான் என்பது அந்த ஆய்வில் இல்லை. ஆய்வுக்கு உட்பட்டவர்களும் மிகச் சிலரே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி மரத்துப்போகிறது என்பதற்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளில் கண்ட ஒன்று வெளிச்சம் தருகிறது. டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் மூளையின் இன்பச் சாறு என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். அவர் அதை எலிகளின் மூளையில் ஏறக்குறைய முழுவதும் அற்றுப்போகச் செய்து பார்த்தார். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. கண்ணெதிரே வைத்தாலும் பட்டினி கிடந்தன. ஆனால் சர்க்கரை நீரை வாயில் விட்டபோது, முன்போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. வேண்டும் என்ற உந்துதலும், நன்றாக இருக்கிறது என்ற சுவையும் மூளையில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது அதிலிருந்து தெரியவந்தது. ஒன்று மற்றொன்று இல்லாமலே ஓடக்கூடியது. படுக்கையில் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி நள்ளிரவு வரை பார்க்கிறோமே, அங்கே வேண்டும் என்ற உந்துதல் உச்சத்தில் இருக்கிறது. சுவை எப்போதோ நின்றுவிட்டது. 'ஆரா இயற்கை அவா' என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான். அவாவின் இயல்பே நிரம்பாமல் இருப்பது. நிரம்பினால் அது தன் வேலையைச் செய்ய முடியாது.

இங்கேதான் திருவண்ணாமலை ரமணர் சொன்ன ஒன்றை எடுத்துவைக்க விரும்புகிறேன். 1879இல் திருச்சுழியில் பிறந்து, 1896இல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர் அவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்ற சிறுநூல். அதில் சுகத்தைப் பற்றி வரும் பகுதியின் கருத்து, எளிமையாகச் சொன்னால், இதுதான்: உலகப் பொருள் எதிலும் சுகம் இல்லை, ஆசை ஒன்று நிறைவேறும்போது, அதுவரை வெளியே ஓடிக்கொண்டிருந்த மனம் ஓட்டத்தை நிறுத்தித் தன் இடத்துக்குத் திரும்புகிறது, அந்தத் திரும்புதலில் இருக்கும் சுகத்தையே நாம் அனுபவிக்கிறோம், ஆனால் பொருள்தான் அதைத் தந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அதே மனம் வெளிக்கிளம்பும்போது துன்பத்தை அனுபவிக்கிறது.

பெரிட்ஜின் எலிகளைப் பற்றிப் படித்த பிறகு இதை மறுபடி படித்தபோது நான் சற்றே அசந்துபோனேன். ஆன்மா இருக்கிறதா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இந்தக் கூற்றைத் தம் மனத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று உங்களுக்குள் நடந்தது என்ன? பல ஆண்டுகளாக உள்ளே நச்சரித்துக்கொண்டிருந்த ஒரு 'வேண்டும்' அன்றைக்கு வாயை மூடியது. அந்த அமைதியை நீங்கள் செங்கல்லின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். சில வாரங்களில் அடுத்த 'வேண்டும்' வந்து உட்கார்ந்ததும், வீட்டில் இருந்த மகிழ்ச்சி எங்கே போயிற்று என்று தேடுகிறீர்கள். அது வீட்டில் இருந்ததே இல்லை.

ரமணர் அதற்கு ஓர் உவமை சொல்கிறார். வெளியில் வெயில் கொளுத்துகிறது. மரத்தடியில் நிழல் இதமாக இருக்கிறது. ஒருவன் வெயிலில் அலைந்து நிழலுக்கு வருகிறான், சற்று இருந்துவிட்டுத் திரும்ப வெயிலுக்குப் போகிறான், தாங்க முடியாமல் மீண்டும் நிழலுக்கு ஓடி வருகிறான். விவேகமுள்ளவன் நிழலைவிட்டு நீங்குவதில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் அப்பர் நினைவுக்கு வருவார். பல்லவ மன்னன் ஆணையால் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்டபோது அவர் பாடியதாகச் சைவ மரபு சொல்லும் 'மாசில் வீணையும் மாலை மதியமும்' என்ற பாட்டும் 'ஈசன் எந்தை இணையடி நீழலே' என்று நிழலில்தான் போய் முடிகிறது. வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று அவர் அடுக்கும் ஐந்தில் ஒன்றுகூட விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. புலன் இன்பத்தை இழிவாகப் பேசவும் இல்லை. உள்ளே இருக்கும் இன்பம் எப்படிப்பட்டது என்று காட்ட, புலன் இன்பங்களில் தூயவற்றையே சான்றுக்கு அழைக்கிறார்.

மூன்றாவதாக ஒரு நிழலும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், பாலி மொழியில் 'பீதி' எனப்படும் மனக்கிளர்ச்சிக்கும் 'சுகம்' எனப்படும் இன்பத்துக்கும் வேறுபாடு சொல்கிறார். தமிழில் நாம் அச்சத்துக்குச் சொல்லும் பீதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாலைவழியில் களைத்து வருபவன் தூரத்தில் காட்டோரத்து நீர்நிலையைக் கண்டதும் அல்லது கேள்விப்பட்டதும் அடைவது பீதி. காட்டின் நிழலுக்குள் நுழைந்து அந்த நீரைத் துய்க்கும்போது அடைவது சுகம். நம் காலத்து விளம்பரங்கள், சம்பள உயர்வு, அடுத்த மாடல் கைப்பேசி எல்லாம் முதலாவதைத்தான் விற்கின்றன. அதில் தவறில்லை. தூரத்து நீரைக் கண்ட துள்ளலோடு நின்றுவிட்டு, குடித்ததாக நினைத்துக்கொள்வதில்தான் தவறு.

மூவரும் வெயில் நாட்டுக்காரர்கள் என்பதையும் கவனியுங்கள். குளிர்நாட்டு மொழிகளில் வெயில் மகிழ்ச்சியின் அடையாளமாக வரும். நமக்கோ மனம் குளிர்கிறது, வயிறு குளிர்கிறது, பிள்ளைகளைக் கண் குளிரப் பார்க்கிறோம். ஏதோ ஒன்று கூடுவதாக அல்லாமல், எரிந்துகொண்டிருந்த ஒன்று தணிவதாகவே இன்பத்தை இந்த மொழி உணர்ந்திருக்கிறது. கிரேக்கத்தில் எபிகியூரஸ் என்ற தத்துவஞானி, தாகம் தீரும்போது வரும் இன்பம் வேறு, தாகம் இல்லாமல் இருப்பதன் இன்பம் வேறு, இரண்டாவதே உயர்ந்தது என்று சொன்னதும் இதற்கு மிக அருகில் வருகிறது. அவர் பெயரைச் சொல்லி உண்டு களிப்பதை நியாயப்படுத்துகிறவர்கள் அவரைப் படித்ததில்லை.

நிழல் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டுமா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். அன்றாட வாழ்வில் மனம் தன் ஓட்டத்தை நிறுத்தும் இடங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் தலையாயது, ஊன்றிச் செய்யும் வேலை. எங்கள் தெருமுனையில் முன்பு சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டு, கட்டைவிரல் நகத்தை விளிம்புக்கு ஒரு நூல் இடைவெளியில் அசையாமல் பிடிப்பார். சுழலும் விளிம்பு எந்த இடத்தில் வந்து நகத்தை உரசுகிறதோ அங்கே கோணல். சக்கரத்தை நிறுத்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்குவார், இந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்துவார், மறுபடி சுழற்றுவார். உரசல் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் நகத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஒரே சீராக ஒரு கோட்டு வெளிச்சம் மட்டும் ஓடும். அதுவரை எவ்வளவு கூலி என்று கேட்டால் பதில் வராது. சக்கரம் நின்ற பிறகு நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க சார், கூப்பிடக் கூடாதா?" என்பார்.

ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர், இப்படித் தன்னை மறந்து வேலையில் கரைந்துபோவதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். வேலை கைத்திறனுக்குச் சற்றே சவாலாக இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்பது அந்தக் கணமே தெரிய வேண்டும் என்பவை அவர் கண்ட முக்கியமான நிபந்தனைகள். சைக்கிள் கடைக்காரருக்கு ஒவ்வொரு சுற்றிலும் நகம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அரைமணி நேரத்தில் அவர் மகிழ்ச்சியாக இருந்தாரா என்று கேட்டால், கேட்பதற்கே அங்கே ஆள் இல்லை என்பதுதான் விடை. பின்னால் திரும்பிப் பார்க்கும்போது அது நல்ல நேரமாக நினைவில் நிற்கும். இதற்கு மாறான நிலையையும் அளந்திருக்கிறார்கள்: 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியே அவ்வப்போது விசாரித்ததில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 விழுக்காட்டில் மனம் செய்யும் வேலையில் இல்லை. என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டிலும், மனம் அங்கே இருக்கிறதா என்பதே மகிழ்ச்சியை அதிகம் தீர்மானித்தது. இனிய கனவுகளில் மிதந்தவர்கள்கூட, செய்யும் வேலையில் இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

இன்னோர் இடம் மனிதர்கள். புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையாரிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: இவ்வளவு வயதாகியும் உமக்கு நரைக்கவில்லையே, எப்படி? அவருடைய விடை, என் மனைவி மாண்புடையவள் ('மாண்ட என் மனைவி' என்பதை இன்றைய பொருளில் வாசித்து அந்த அம்மையாரைக் கொன்றுவிடாதீர்கள்), மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவல் செய்வோர் நான் நினைப்பதையே நினைப்பவர்கள், அரசன் முறை தவறாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக 'ஆன்று அவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' பலர் என் ஊரில் வாழ்கிறார்கள் என்பது. அவர் சொன்ன பட்டியலில் நிலமோ ஆடுமாடோ பொன்னோ இல்லை, எல்லாமே மனிதர்கள். அரசனும் அண்டை அயலாரும் அதில் வருகிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் உள்மகிழ்ச்சி என்று பேசத் தொடங்கியதும் ஊர் எக்கேடு கெட்டாலும் நான் உள்ளே அமைதியாக இருப்பேன் என்பதாகப் பலர் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். நரையில்லாத இந்த மனிதர்தான், நேரில் பார்த்தே இராத நண்பன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது தாமும் வந்து சேர்ந்து உயிர்விட்டார் என்பதையும் அந்தப் பாடலோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஓர் ஆய்வு, 268 கல்லூரி மாணவர்களையும், பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் முதுமை வரை பின்தொடர்ந்தது. இப்போது அதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர், 80 வயதில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை 50 வயதில் அவர்களின் இரத்தக் கொழுப்பு சொன்னதைவிட, உறவுகளில் அவர்களுக்கு இருந்த மனநிறைவு நன்றாகச் சொன்னது என்கிறார். பிசிராந்தையாருக்கு அதில் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது.

கொடுப்பதும் இதே வகையில் சேரும். 'ஈத்துவக்கும் இன்பம் அறியார்கொல்' என்று 228ஆம் குறள், கஞ்சனைத் திட்டுவதோடு நில்லாமல், இப்படியோர் இன்பம் இருப்பதே தெரியாதவனோ என்று அவனுக்காக இரங்குகிறது. 2008இல் எலிசபெத் டன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும், சிலருக்குக் காலையில் 5 அல்லது 20 டாலர் தந்து, மாலைக்குள் ஒரு சாராரைத் தமக்கும் மறு சாராரைப் பிறருக்கும் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது வேறுபாடு எதையும் செய்யவில்லை. கொடுக்கும் கணத்தில் எனக்கு வேண்டும் என்ற குரல் சற்று ஓய்கிறது என்பதே இதற்கும் காரணமாக இருக்கும் என்பது என் கருத்து.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையானதாக இருக்காது. இரண்டு வேளை அடுப்பெரியாத வீட்டில் போய், இன்பம் உள்ளேதான் இருக்கிறது என்று உபதேசிப்பது கொடுமை. பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் பெரும்பாலோருக்குக் கூடத்தான் செய்கிறது என்று 2023இல் டேனியல் கானமனும் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு படி ஏறவும் வருமானம் இரு மடங்காக வேண்டியிருக்கிறது. 20,000 ரூபாய் 40,000 ஆகும்போது கிடைக்கும் ஏற்றம் மறுபடி வேண்டுமானால் 80,000 வேண்டும். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அடுத்த படிக்காகச் செலவிடும் ஆயுள் தகுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிலைத்த இன்பம் என்றால் அழுகையே வராது என்றும் எண்ண வேண்டாம். புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு, கூடியவர்கள் பூச்சூட, பிரிந்தவர்கள் கண்ணீர் வடிக்க இப்படியோர் உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேராகவே வைகிறார். 'இன்னாது அம்ம இவ்வுலகம். இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே' என்று முடிக்கிறார். உலகம் கொடியது என்ற தீர்ப்பை அவர் திரும்பப் பெறவில்லை. அதை மறுக்காமலே, இனியவற்றைக் கண்டுகொள்ளுங்கள் என்கிறார். என் தாயார் இறந்த ஆண்டில் நான் பலநாள் அழுதேன். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று கலங்காமல் இருந்ததையும் அதே நாள்களில்தான் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டேன். அலையும் ஆழமும் ஒரே கடலில் இருப்பதுபோல் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் எதிலும் சுவையே இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எழுந்திருக்கவே மனம் இல்லை என்றால், அது தத்துவக் கேள்வி அன்று. மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். தியானம் செய்து பார்க்கிறேன் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மைய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். உங்கள் கேள்வியைப் படித்த வரையில் உங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்.

உங்களுக்கு என்னால் சொல்லக்கூடியது ஒரு சோதனைதான். கீதையின் 18ஆம் அத்தியாயம், தொடக்கத்தில் நஞ்சுபோலவும் முடிவில் அமுதம்போலவும் இருக்கும் சுகம் என்று ஒன்றைச் சொல்கிறது. இந்தச் சோதனையும் முதலில் சற்றுச் சலிப்பாகவே இருக்கும். நீங்கள் இணையத்தில் ஏதேனும் ஒரு பொருளுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பீர்கள். அது வந்து கூரியர்காரர் வாசலில் நின்று அழைக்கும்போது, பெட்டியை உடனே பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் எதிரே உட்காருங்கள். உள்ளே இருக்கும் அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை, உள்ளிருக்கும் பொருளை நீங்கள் தொடக்கூட இல்லை. காத்திருப்பு மட்டும்தான் நின்றிருக்கிறது. அதே இதம், எதுவும் வந்து சேராத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையிலும் உட்கார்ந்து பார்த்தால் கிடைக்கிறதா என்று அடுத்து சோதியுங்கள். எனக்கு முதல் சில வாரங்கள் கிடைக்கவில்லை. பிறகு நாளுக்கு ஓரிரு நிமிடம் கிடைத்தது. இப்போது சில நாள்களில் அதற்காக உட்காரவே வேண்டியிருப்பதில்லை.